எத்தனை தலையணை?

14 ஜூலை 2024, ஞாயிறு காலை

அம்மாவைத் தியாகி என்று புகழும்போது அவளுடைய நோயை மூடி மறைத்துவிடுகிறோம். என் அம்மா விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. மற்ற வீடுகளிலும் இது உண்டா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நேற்று செங்கோட்டையில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மா மாதிரி ஒருத்திய நான் பாக்கல பிள்ள. ராத்திரி முழுக்க முதுகு சாய்க்காம பீடி சுத்தி ரெண்டு பேரையும் கரையேத்துனாளே" என்றாள். முப்பது வருடமாகக் கேட்கிற வார்த்தை இது. நானும் சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் இதையே சொல்லி எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். நேற்று ஏனோ அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அம்மா முதுகு சாய்க்காமல் இருந்தது உண்மை. சாய்த்தால் அவளுக்கு மூச்சு விட முடியாது. அதனால்தான் சாய்க்கவில்லை.

அம்மாவுக்கு இதய வால்வில் சுருக்கம். சின்ன வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். 1998-ல் திருவனந்தபுரத்தில் வால்வு மாற்றினார்கள், வெளிநாட்டு வால்வு. அதற்குப் பிறகு 18 வருடம் இருந்தாள். 2016 ஐப்பசியில் திடீரென்று போய்விட்டாள்.

14 ஜூலை, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். அந்த ராத்திரிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ஒரே அறை, முன்னால் ஒரு சார்ப்பு. அப்பாவுக்கு பிரானூர் பார்டரில் மர அறுவை மில்லில் வேலை. வாரத்துக்கு ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவருவார், தூள் அடுப்புக்கு. அந்தச் சாக்கு சுவரோரம் நிற்கும். அதில் முதுகைக் கொடுத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். மடியில் சுளகு. சுளகில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். ஈரச் சாக்கில் பொதிந்த இலையை ஒவ்வொன்றாக எடுத்து, தகரத் தகட்டை மேலே வைத்து, கத்தரியால் சுற்றி வெட்டுவாள். தூளைப் பரப்பி, இரண்டு விரலுக்கு நடுவே ஒரு உருட்டு, நகத்தால் நுனியை மடக்கி, நூலில் இரண்டு சுற்று. எங்கள் கண்ணில் வெளிச்சம் விழக்கூடாது என்று நோட்டு அட்டையைக் கூம்பாகச் சுருட்டி பல்பில் மாட்டியிருந்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் கை மட்டும்தான் தெரியும். முகம் இருட்டில் இருக்கும்.

நாலைந்து பீடிக்கு ஒரு தரம் கை நிற்கும். தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்ப்பாள். யாரோ வருகிறார்கள் என்று படுத்தபடியே நானும் பார்ப்பேன். யாரும் வரமாட்டார்கள். மறுபடி கை ஓடும். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் இப்படி நடக்கும்.

"நீ ஒறங்கு பிள்ள. எனக்கு ஒறக்கம் வரல."

அவள் வாசலைப் பார்க்கவில்லை, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது நாற்பதை நெருங்கும்போதுதான்.

15 ஜூலை

பீடித் தூளை மூக்கில் இழுத்ததால்தானே நெஞ்சு கெட்டது என்று இதைப் படித்த ஒருவர் கேட்கிறார். எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது. அந்தத் தூள் நல்லதில்லை, அது வேறு விஷயம். ஆனால் அம்மாவின் வால்வைக் கெடுத்தது தொண்டைப் புண்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வரும். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்று முட்டி, நாளை கணுக்கால், மறுநாள் மணிக்கட்டு என்று வலி இடம் மாறும். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த படை சொந்த உடம்பையே தாக்குவதால் வருவது இது. 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் அதிகம். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்களிடையே ஒரு பழைய சொல் உண்டு. மூட்டு வலி தடம் இல்லாமல் போய்விடும். கடிபட்ட வால்வு வருடக்கணக்கில் தடித்துச் சுருங்கிக்கொண்டே போகும்.

அம்மாவுக்கு 11 வயதில் முட்டி வீங்கியிருக்கிறது. பத்து நாள் நடக்கவில்லையாம். வளருகிற பிள்ளைக்கு வருகிற வாதம் என்று ஆச்சி எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். வீக்கம் வடிந்தது, எண்ணெய்தான் குணமாக்கியது என்று நம்பினார்கள். ஆச்சியை நான் குறை சொல்லமாட்டேன். அது 1969.

16 ஜூலை

"வியாதி இத்தனை வருடம் தெரியாமலா இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தது. தப்பாகத் தெரிந்தது.

ஊரில் ஒரு டாக்டரிடம் பல வருடம் காட்டினோம். இளைப்பு என்றார். மாத்திரை கொடுத்தார், சில நாள் ஊசி போட்டார். பீடி சுற்றுகிற பெண், மூச்சு வாங்குகிறது, அப்புறம் வேறு என்ன இருக்கும் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் சளியில் ரத்தக் கோடு வந்தது. டிபி என்று பேச்சு கிளம்பியது. அம்மா தன் தட்டையும் டம்ளரையும் தானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகச் செய்தாள். சோதனையில் டிபி இல்லை என்று வந்தது. வேறு ஒரு சின்ன வயது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரம் போய் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

தென்காசியிலிருந்து குளத்துப்புழா வழியாகத் திருவனந்தபுரம் போகிற பஸ். ஏறக்குறைய நாலு மணி நேரம். புளியரை வயலைத் தாண்டி வளைவுகள் ஏறும்போதே சாரல் உள்ளே அடிக்கும். கோட்டைவாசலில் கருப்பசாமி கோவில் வந்ததும் அம்மா ஜன்னல் வழியாகக் கும்பிட்டாள். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைக் காட்டி, "இத எண்ணு பாப்போம்" என்று எனக்கு விளையாட்டு வைத்தாள். எண்ணி முடிப்பதற்குள் பஸ் கடந்துவிடும். அந்தப் பாலத்தில் 1904-லிருந்து ரயில் ஓடுகிறது. எங்களுக்கு அன்று பஸ்தான் கட்டுபடியானது.

மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் இறங்கி நடக்கையில் ஒரு சின்ன ஏற்றம். அம்மா மூன்று இடத்தில் நின்றாள். நிற்கும்போதெல்லாம் எதையாவது வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்தாள். அங்கே ஒரு மரம், இங்கே ஒரு போர்டு. அப்பா, "வாடி, நேரமாவுது" என்றார்.

அங்கே இருந்த டாக்டரம்மா மலையாளத்தில் இரண்டே கேள்விதான் கேட்டார். "கிடக்கும்போள் ஸ்வாசம் முட்டலுண்டோ?" படுத்தால் மூச்சு முட்டுமா என்று. அம்மா தலையாட்டினாள். "உறங்ஙான் எத்ர தலயிண வேணம்?"

எத்தனை தலையணை.

இத்தனை வருடத்தில் அம்மாவிடம் இதை யாரும் கேட்டதில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு தலையணை. அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள். அப்புறம் மெதுவாக, "தலையணை இல்லம்மா. மூட்டை" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா எழுந்து, சாக்கில் முதுகைச் சாய்த்து உட்காருவது போல அவர் முன்னால் உட்கார்ந்து காட்டினாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எக்கோவில் வந்த கணக்கு இது. இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழ் வைத்த வால்வு ஒன்று உண்டு. நல்ல மனிதருக்கு அது திறக்கும் அளவு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். அம்மாவுக்கு ஒன்றுக்கும் கீழே. வழி அடைத்தால் ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். படுத்தால் காலில் இருக்கிற ரத்தமும் மேலே வந்து சேர்ந்துகொள்ளும், இன்னும் தேங்கும். உட்கார்ந்தால் கொஞ்சம் வடியும். அவ்வளவுதான் விஷயம். கேட்டால் ஒரு நிமிடத்தில் புரிகிற விஷயம். பலூன் வைத்து விரிக்கிற முறை அப்போதே இருந்தது. ஆனால் அம்மாவின் வால்வில் சுண்ணாம்பு ஏறிவிட்டதால் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார்கள்.

18 ஜூலை, காலை

ஒரு திருத்தம். வெளிநாட்டு வால்வு என்று எழுதியிருந்தேன். தப்பு.

நேற்று இரவு டாக்டர் எம்.எஸ். வலியத்தான் மணிப்பாலில் காலமானார் என்று செய்தி. 90 வயது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தை வளர்த்தவர், இந்தியாவிலேயே செயற்கை இதய வால்வு செய்ய வேண்டும் என்று நின்றவர். செய்தியில் அங்கே உருவான சித்ரா வால்வு என்ற பெயரைப் பார்த்ததும் எங்கோ படித்த மாதிரி இருந்தது. அலமாரியிலிருந்து அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதேதான். சித்ரா.

அதில் இன்னொன்றும் தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது 1998 இல்லை, 1999 பிப்ரவரி. ஆக அம்மா அந்த வால்வோடு இருந்தது 17 வருடம்.

இந்த வால்வை முதன்முதலில் ஒரு மனிதருக்குப் பொருத்தியது 1990 டிசம்பர் 6. அதற்கு முன்னால் மூன்று மாதிரிகள் தோற்று, நாலாவதுதான் நின்றது. கோபால்ட் குரோமியக் கலவையில் ஒரு கூடு, அதற்குள் சாய்ந்து திறக்கிற ஒரு வட்டத் தட்டு. தட்டு உலோகம் இல்லை, ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக். சுற்றிலும் தைப்பதற்கு பாலியஸ்டர் துணி வளையம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 4 கோடி தரம் திறந்து மூடும். 17 வருடத்துக்கு 60 கோடிக்கு மேல். அந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பக்கத்தில் படுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். பெரிய சத்தமாக இராது. தட்டு பிளாஸ்டிக் என்பதால் மெதுவாகத்தான் விழும். விடியற்காலையில், பால்காரர் வருவதற்கு முன்னால், காதை அவள் மார்பில் வைத்தால் டிக், டிக் என்று தெளிவாகக் கேட்கும். பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் எழுந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பேன்.

டாக்டர் வலியத்தானை நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்திருக்கமாட்டாள். மாவேலிக்கரையில் பிறந்த ஒருவர் பிடிவாதமாகச் செய்த ஒரு பொருள், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பீடித் தொழிலாளியின் மார்பில் 17 வருடம் ஓடியது. அவருக்கு என் வணக்கம்.

18 ஜூலை, இரவு

அக்கா இதையெல்லாம் படித்திருக்கிறாள். போன் வந்தது. கோபமாக இருக்கிறாள். நாளை பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

20 ஜூலை

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

முதல் விஷயம், ராத்திரி இரண்டு மணி வரை என்று நான் எழுதியது. "இரண்டு மணிக்கு நீ ஒறங்கிருவ. அம்மா ஒறங்கல. விடியிற வரைக்கும் அப்படியேதான்." அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். பத்து வயதிலிருந்து அவளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றியிருக்கிறாள். மூட்டையில் தூள் அமுங்கிப் போனால் தட்டி நிமிர்த்தி அம்மாவின் முதுகுக்கு அண்டை கொடுத்தது அவள்தான். எனக்கு அம்மாவின் கை மட்டும்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தேனே, அக்காவுக்கு முகம் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது விஷயம், என் முதல் வரி. "தியாகம்னு சொல்லாதேன்னு எழுதியிருக்க. அப்போ அம்மா என்ன செஞ்சா, வியாதிக்காரியா மட்டும் உக்காந்திருந்தாளா?" என்று கேட்டாள். அம்மா ஒரு தடவை அக்காவிடம் சொன்னாளாம்: "படுக்க முடியல. சும்மா உக்காந்து மூச்ச எண்ணிக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். நாலு கட்டு சுத்தினா சின்னவளுக்கு நோட்டாவது ஆகும்."

அந்த 'சின்னவள்' நான்.

கட்டுக்கு 25 பீடி. நாலு கட்டு என்றால் 100. அப்படிப் பத்து நூறு சேர்ந்தால்தான் கடையில் கணக்கு எழுதுவார்கள். அதில் இலை சரியில்லை, சுற்று தளர்வு என்று கழித்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது விஷயம் எனக்குத் தெரியாதது. அம்மாவுக்கு முதன்முதலில் மூச்சு முட்டியது நான் வயிற்றில் இருக்கும்போதாம். ஏழாம் மாதத்திலிருந்து படுக்கவே முடியவில்லை. பிள்ளை மேலே ஏறி நிற்கிறது, அதனால்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது படித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சுருங்கின வால்வு அதைத் தாங்காது. இந்த வியாதி பல பெண்களுக்கு வெளியே தெரிவதே அந்தச் சமயத்தில்தான்.

அக்கா இதை 40 வருடமாக என்னிடம் சொல்லவில்லை. "அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சு. இப்போ நீயே எல்லாத்தையும் எழுதுற, அதான்."

சரி. என் முதல் வரியைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். அம்மா மூச்சுக்காக உட்கார்ந்தாள். உட்கார்ந்த நேரத்தை எங்களுக்காகச் செலவழித்தாள். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

20 ஜூலை, சற்றுப் பிறகு

மறு பாதியை விடமாட்டேன். ஊரும் நாங்களும் புகழ்ந்த புகழ்ச்சிதான் கேள்வி கேட்க விடாமல் செய்தது. "ஏன் படுக்கல?" என்று ஒரு வார்த்தை. உழைப்பாளி என்று பெயர் வைத்துவிட்டதால் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ராத்திரி பீடி சுற்றுவதை நிறுத்தினாள். நிறுத்தியதும் தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்ல இப்போ." குணமான பெண்ணைப் பார்த்து!

21 ஜூலை

அம்மா முதன்முதலில் படுத்துத் தூங்கிய ராத்திரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்த அன்று. மார்பு நடுவே நீளத் தையல், ஒருக்களிக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா மில்லில் கடன் வாங்கி ஒரு கட்டில் போட்டிருந்தார். அம்மா மெதுவாகச் சாய்ந்தாள். ஒரு தலையணை. சாய்ந்தவள் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தாள். ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்க்கிற மாதிரி கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பிடி தளர்ந்தது. வாய் லேசாகத் திறந்தது.

அக்காவும் நானும் பயந்துவிட்டோம். அம்மா இப்படிக் கிடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. மல்லாந்து, அசையாமல், வாய் திறந்து கிடந்தவர்களை நாங்கள் பார்த்ததெல்லாம் வேறு வீடுகளில், வேறு காரியத்துக்கு. அக்கா மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். நான் மார்பில் காதை வைக்கப் போனேன், தையல் இருக்கிறது என்று தடுத்தாள். கட்டில் காலடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மூட்டையில் சாய்ந்துகொண்டு, விடிகிற வரைக்கும்.

அன்றைக்குத்தான் அந்த மூட்டையில் நான் முதன்முதலில் சாய்ந்தேன். நடு முதுகில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அது அம்மாவின் முதுகுக்குச் சரியாக விழுந்த பள்ளம், எனக்குப் பொருந்தவில்லை.

23 ஜூலை

வால்வு வைத்தவர்களின் சாப்பாடு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், மருந்து அளவுக்கு உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

உலோகக் கூட்டில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, ஆயுள் முழுக்க. ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். சோதனை. சாதாரணமாக அது 1. அம்மா மாதிரி இந்த இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டாம், ஒரே அளவில் சாப்பிடுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டு வாசலில் முருங்கை மரம். அதுவரை கை போன போக்கில் உருவிப் போட்ட கீரையை அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து எடுக்க ஆரம்பித்தாள். செவ்வாய், வெள்ளி. கிண்ணத்துக்கு மேல் ஒரு இலை இருந்தாலும் எங்கள் தட்டுக்கு வந்துவிடும்.

மருந்துக் கடையில் யாரோ அப்பாவிடம் இது எலி மருந்து என்று சொல்லிவிட்டார்கள். அப்பா முகம் செத்து வீட்டுக்கு வந்தார். பொய்யும் இல்லை. முதலில் எலிக்கு வைத்த மருந்துதான், 1954-லிருந்து மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எலிக்கு மொத்தமா வைப்பாங்க. எனக்கு அளந்து குடுக்காங்க. பயப்படாதிய." அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சரியாகச் சாப்பிட்டாள்.

பகலில் கொஞ்சம் பீடி சுற்றுவதை அவள் விடவில்லை. கத்தரி கையில் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்பதால் இலை வெட்டுவது அக்கா, சுற்றுவது அம்மா. பீடித் தொழிலாளர் நல நிதிக்காக 1976-ல் சட்டம் வந்திருக்கிறது. பீடித் தொழிலாளி என்ற அடையாள அட்டை அம்மாவிடம் இருந்ததால் ஆபரேஷன் செலவில் ஒரு பகுதி பின்னால் கிடைத்தது. அட்டை இல்லாமல் சுற்றுகிற பெண்கள் இப்போதும் இருக்கிறார்கள். தயவுசெய்து வாங்கி வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி இல்லையா, ஏன் கேரளாவுக்குப் போனீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஆச்சி இருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். செங்கோட்டை 1949 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் கொச்சி. ஆச்சிக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரம். "நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்ன யோசனை?" என்றுதான் அம்மாவை பஸ் ஏற்றினாள்.

27 ஜூலை

நேற்று ஒரு தாய் எழுதியிருந்தார். 9 வயதுப் பெண், மூன்று வாரத்துக்கு முன் தொண்டை வலி, இப்போது முட்டியில் வீக்கம், நேற்று முட்டி, இன்று கணுக்கால். வளர்ச்சி வலி என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

இதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அம்மா, இன்றே கூட்டிப் போங்கள். குழந்தைகள் டாக்டரிடம் தொண்டை வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது முக்கியம். எக்கோ எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அது ரூமாட்டிக் காய்ச்சல் என்று வந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள், பல வருடத்துக்கு. நன்றாக வலிக்கும். பிள்ளை அழும். ஒரு ஊசியைக்கூட விடாதீர்கள். மறுபடி தொண்டைப் புண் வந்து வால்வைக் கடிக்காமல் காப்பது அந்த ஊசிதான். 1969-ல் செங்கோட்டையில் ஒரு 11 வயதுப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

29 ஜூலை

அந்தத் தாய் பதில் எழுதியிருக்கிறார். காட்டியாயிற்று. வால்வில் லேசான கசிவுதான், முதல் ஊசி போட்டாயிற்று. பிள்ளை மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாளாம். கத்தட்டும்.

4 ஆகஸ்ட், ஆடி அமாவாசை

புனலூரிலிருந்து காலை வண்டிக்கே செங்கோட்டை வந்துவிட்டேன். அக்கா வீட்டில் படையல். முருங்கைக்கீரை துவட்டல் வைத்திருந்தாள், பெரிய சட்டி நிறைய. அமாவாசைப் படையலுக்கு முருங்கை ஆகாது என்று சித்தி சொன்னாள். "அவளுக்கு அளந்து போட்டது போதும் சித்தி" என்றுவிட்டு அக்கா இலை நிறைய வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் நோட்டைக் கேட்டேன். இதுவரை நான் முழுதாகப் பார்த்ததில்லை. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். பின்பக்கத்திலிருந்து பீடிக் கணக்கு, முன்பக்கத்திலிருந்து ஐ.என்.ஆர். கணக்கு. தேதி, எண், மாத்திரை. 2.6. 3.1. ஒரு தடவை 4.4, அதற்குக் கீழே கோடு. சில நாளில் 'கீ' என்று ஓர் எழுத்து. செவ்வாயும் வெள்ளியும் பார்த்ததும் புரிந்தது, கீரை. கடைசிப் பக்கங்களில் 'த' என்றும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு எண். அது என்ன என்று அக்காவுக்கும் தெரியவில்லை. தவணை என்கிறாள். மாத்திரையின் பெயராக இருக்கும் என்கிறாள் சித்தி.

5 ஆகஸ்ட்

நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். ராத்திரி ரயிலில் மறுபடி பார்த்தேன். ஆரியங்காவு தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் திருவனந்தபுரம் போகும்போதெல்லாம் அங்கே அதே கேள்வி கேட்பார்கள். எத்ர தலயிண. அம்மா சிரித்துக்கொண்டு ஒன்று என்பாள். கடைசியாகப் போனது 2016 வைகாசியில். அடுத்த தேதி கார்த்திகையில் இருந்தது. அப்போது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறாள்.

திடீரென்று போய்விட்டாள் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அதையும் திருத்த வேண்டும்.

அக்காவுக்குப் போன் செய்து பக்கத்தைப் படித்துக் காட்டினேன். எல்லாம் தெரிந்த அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. "நான் பக்கத்து ரூம்ல தான படுத்திருந்தேன்" என்றாள்.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:

ஆடி 20. 2.9. த 1.
ஆவணி 18. 2.7. கீ. த 2.
புரட்டாசி 21. 3.0. த 2.
ஐப்பசி 6. 2.8. கீ. த 3.
ஐப்பசி 11. த 4.